அரிப்பு நின்றால் ஆறிவிட்டதா? வாசகர் கேள்வி பதில்: தோல் தொற்று

இந்த இதழில் தோலில் வரும் தொற்றுகள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்தின் பெயரும் அளவும் சொல்லியிருப்பது, டாக்டர் எழுதித் தருவதைப் புரிந்துகொண்டு சரியாகப் போடுவதற்காக. மாத்திரை எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை பார்க்கிறேன். வயது 34. எட்டு மாதமாகத் தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் படர்தாமரை. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் ஒரு வாரத்தில் முன்பைவிட அதிகமாகக் கிளம்புகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. ரத்தத்தில் ஏதாவது கோளாறா?

பதில்: ரத்தத்தைச் சந்தேகிக்கும் முன் அந்த டியூபைக் கையில் எடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கை ஒரே டியூபில் அடைத்திருப்பார்கள். எதற்கு எது வேண்டும் என்று பார்க்காமல் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்க வசதி.

படர்தாமரையில் வரும் சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடல் போடும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சண்டை நின்றதும் அரிப்பு போய்விடும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். மருந்தை விட்டதும் உடல் மறுபடி விழித்துக்கொள்கிறது. அதற்குள் திட்டு இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும். வட்டத்துக்குள் வட்டம் தெரிவதும், வழக்கமான விளிம்பே இல்லாமல் மங்கலாகப் பரவிக் கிடப்பதும் ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையின் முகம். தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழுந்திருந்தால், அவை நிறம் மங்குமே தவிர முழுதாக மறையா. மத்திய சுகாதார அமைச்சகம் 2018-இல் ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் இப்போது பரவலாகக் காணப்படும் பூஞ்சை, 2020-இல் ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியே என்று பெயரிடப்பட்ட வகை. டெர்பினாஃபின் என்ற மருந்துக்கு இதில் ஒரு பகுதி மசிவதில்லை. அதனால் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு இரண்டு வாரத்தில் ஆறியது, இப்போது ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கிறது. உங்களுக்கு எட்டு மாதமாக இருப்பதாலும், இடுப்பு வரை பரவியிருப்பதாலும் பூச்சு மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும். தோல் டாக்டரிடம் போங்கள். விளிம்பில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரிந்துவிடும். சின்னப் பரிசோதனைதான்.

க்ரீம் எவ்வளவு போட வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். உங்கள் திட்டுகள் மொத்தம் நான்கு உள்ளங்கை அளவு என்றால் ஒரு வேளைக்கு 1 கிராம், இரண்டு வேளைக்கு 2 கிராம். 15 கிராம் டியூப் ஒரு வாரம்தான் வரும். ஒரே டியூபை ஒரு மாதம் ஓட்டினேன் என்று சொல்பவர் தேவையானதில் கால் பங்குதான் போட்டிருக்கிறார். திட்டின் மேல் மட்டும் இல்லாமல், விளிம்புக்கு வெளியே நல்ல தோலில் 2 சென்டிமீட்டர் தள்ளியும் பூசுங்கள். பூஞ்சை வளர்ந்துகொண்டிருப்பது அந்த விளிம்பில்தான். திட்டு முழுதாக மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள்.

பூஞ்சைக்கான இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் எழுதித் தந்தால் சாப்பிட்ட உடனே விழுங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது. அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் பாதி வீண். கொழுப்புக்கு மாத்திரை எடுப்பவர், இதயம் பலவீனமானவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அரைஞாண் கயிறு. இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை உள்ளவர்களிடம் இதைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வியர்வையில் ஊறிய நூல் கயிறு பூஞ்சைக்கு நிரந்தர வீடு. சிகிச்சை முடியும்வரை கழற்றி வையுங்கள், பழையதை மறுபடி கட்டாதீர்கள். வெள்ளிக் கொடி என்றால் தினமும் கழுவித் துடைத்துப் போடலாம். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பை மற்றவர்களுடையதோடு ஊறப்போடாமல் தனியாகக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயவையுங்கள். தையல் மடிப்பில் அயர்ன் பாக்ஸை அழுத்தித் தேய்ப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலை நேரத்தில் ஜீன்ஸ் வேண்டாம், தளர்வான பருத்தி. மனைவிக்கும் அதே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ஆறும்போது மற்றவர் திருப்பிக் கொடுப்பார்.

கலவை க்ரீமை நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் சிவப்பும் அரிப்பும் கூடும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பழைய டியூபைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள். பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இது.

கேள்வி: ஹாஸ்டலில் படிக்கும் மூத்த மகன் லீவுக்கு வந்தான். ஒரு மாதம் கழித்து வீட்டில் எல்லாருக்கும் ராத்திரி ஆனால் அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி. ஒரு லோஷன் வாங்கி அரிக்கிற இடத்தில் தடவினோம், போகவில்லை. மகன், நான், கணவர், மாமியார், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். (தேனி வாசகி)

பதில்: நீங்கள் சொல்லும் இடங்களையும் நேரத்தையும் பார்த்தால் இது சிரங்குப் பூச்சி, அதாவது ஸ்கேபிஸ். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எட்டுக்கால் உயிரி. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து போய் முட்டையிடும். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மகன் வந்து ஒரு மாதம் கழித்து உங்களுக்கு ஆரம்பித்ததன் கணக்கு இதுதான். அந்த ஆறு வாரமும், அரிக்காதவரிடமிருந்தும் பரவும். அதனால்தான் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்பவரும் மருந்து போட்டே ஆக வேண்டும்.

லோஷன் வேலை செய்யாததற்குக் காரணம், அரிக்கிற இடத்தில் மட்டும் தடவியது. பூச்சி அரிக்கும் இடத்தில்தான் இருக்கும் என்பதில்லை. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, ஒரு விரற்கடைகூட விடாமல் பூச வேண்டும். காதின் பின்புறம், அக்குள், மார்பின் அடி, தொப்புள் உள்ளே, பிறப்புறுப்பு, புட்டத்தின் பிளவு, கால்விரல் இடுக்கு எதுவும் தப்பக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, பழைய டூத் பிரஷால் நகத்தின் அடியில் தேய்த்து விடுங்கள். சொறிந்த கையில், நகத்துக்கு அடியில்தான் பூச்சி ஒளிந்திருக்கும். வெந்நீரில் குளித்த கையோடு பூச வேண்டாம், தோல் ஆறிக் காய்ந்திருக்க வேண்டும். இரவு பூசி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது இதைத்தான். வயதான மாமியாருக்கு முகம், தலைத்தோலுக்கும் சேர்த்துப் போடலாம், கண்ணும் வாயும் தவிர்த்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சிளம் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

எவ்வளவு வாங்க வேண்டும்? பெரியவருக்கு 30 கிராம், 9 வயதுப் பிள்ளைக்கு 15, நான்கு வயதுக்கு ஏழரை. மூத்த மகனையும் சேர்த்துப் பெரியவர்கள் நான்கு பேர்: 120. மொத்தம் 142 கிராம் சொச்சம். ஏழு நாள் கழித்து எல்லாரும் இரண்டாவது முறை போட வேண்டும், ஏனென்றால் முதல் மருந்துக்குத் தப்பிய முட்டை அதற்குள் பொரித்திருக்கும். ஆகவே 30 கிராம் டியூப் பத்து. இந்தக் கணக்கைக் கேட்டுத் திகைத்து இரண்டு டியூபை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகளில்தான் சிரங்கு வருடக்கணக்கில் குடியிருக்கும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவமனைக்குக் குடும்பத்தோடு போங்கள், அங்கே தரும் மருந்தையும் இதே ஒழுங்கில் எல்லாரும் ஒரே இரவில் போடுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரை உடல் எடையைப் பார்த்துக் கொடுப்பது. கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கொடுப்பதில்லை.

கடைசி மூன்று நாளில் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாம் மறுநாள் காலையில் வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாத மெத்தை உறை, ஸ்வெட்டரை பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். மனித உடலை விட்டுப் பிரிந்தால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

மருந்து போட்ட பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சிக்கு உடல் காட்டும் ஒவ்வாமை அது. அதற்குப் பயந்து வாராவாரம் பெர்மெத்ரினைப் பூசிக்கொண்டே போனால் தோல் வறண்டு, அதனாலேயே அரிக்கும். புதிதாகப் பொரி கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். மகன் ஹாஸ்டலுக்குத் திரும்பும் முன் அறைத் தோழர்களிடமும் சொல்லிவிடட்டும். வெட்கத்தில் மறைத்தால் அடுத்த லீவுக்கும் இதே கேள்வியை எழுத வேண்டி வரும்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு மூக்கின் கீழும் முழங்காலிலும் புண். மேலே தேன் காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு. பவுடர் தூவுகிறோம், பொருக்கு உதிர்ந்து உதிர்ந்து வருகிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஸ்டெஃபிலோகாக்கஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் புண் இது. பொருக்கின் அடியில்தான் கிருமி இருக்கிறது. நீங்கள் தூவும் பவுடர் பொருக்கின் மேல் இன்னொரு பொருக்காகத்தான் உட்காருகிறது. ஆறிய வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பத்து நிமிடம் பொருக்கின் மேல் வைத்து, ஊறியதும் மெல்லத் துடைத்தெடுங்கள். இழுத்துப் பிய்க்க வேண்டாம். அதன் பிறகு முபிரோசின் 2 சதவீத களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். ஆறேழு இடத்தில் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வாய்வழி ஆன்டிபயாடிக் தேவைப்படும். நகத்தை வெட்டுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள், மருந்து தொடங்கி 24 மணி நேரமாவது பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

புண் ஆறிய பின்பும் ஒரு மாதம் வரை ஒன்றைக் கவனியுங்கள். காலையில் எழும்போது கண்ணிமை வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ அன்றே குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புண்ணுக்குப் பிறகு சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் அழற்சியடைவது உண்டு.

கேள்வி: வெயில் காலம் வந்தால் பின்பக்கமும் தொடையிலும் சூட்டுக்கட்டி மாறி மாறி வருகிறது. உடம்புச் சூடுதானே காரணம்?

பதில்: இல்லை. மயிர்க்காலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸ் நுழைந்து சீழ் வைப்பதுதான் கட்டி. வியர்வையும் இறுக்கமான துணியும் உராய்வும் கதவைத் திறந்துவிடுகின்றன, அதனால் வெயிலில் அதிகம். தாங்கும் சூட்டில் வெந்நீர் ஒத்தடம், 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. தானாகப் பழுத்து உடையட்டும், பிதுக்க வேண்டாம். மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் வந்த கட்டியைத் தொடவே கூடாது, அங்கிருந்து தொற்று மூளைப் பக்கம் ஏற வழியுண்டு. பெரிதாகி நொதநொதவென்றிருந்தால் கீறிச் சீழெடுப்பதே வைத்தியம், மாத்திரை உள்ளே நிற்கும் சீழைக் கரைக்காது. திரும்பத் திரும்ப வருகிறது என்பதால் முதலில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் கிருமி உங்கள் மூக்குக்குள் தங்கியிருக்கலாம், டாக்டர் அதற்கென்று களிம்பு தருவார்.

கேள்வி: நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிக்கொள்ளலாமா?

பதில்: பழத்தின் குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், சீழுக்கு அது ஒன்றும் செய்யாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை 15 நிமிடம் வைத்து நன்றாகத் துடையுங்கள். நகத்தோரம் வெள்ளையாகச் சீழ் தெரிந்தால் டாக்டர் ஒரு நொடியில் எடுத்துவிடுவார், வலி அங்கேயே பாதி போய்விடும். விரல் நுனியின் சதைப்பகுதி கல்லாக இறுகித் தெறித்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு மாதக்கணக்கில் நகவோரம் வீங்கிக் கிடப்பது வேறு கதை. அங்கே கையை ஈரத்திலிருந்து காப்பதுதான் மருந்தைவிட முக்கியம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. இடது காலில் பழைய யானைக்கால் வீக்கம். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து கால் சிவந்து கொதிக்கிறது. யானைக்கால் மருந்தே மறுபடி கொடுக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இந்தக் காய்ச்சல் யானைக்கால் புழுவால் வருவதல்ல. நிணநீர் தேங்கிய காலில் பாக்டீரியா நுழைவதால் வருவது. அதனால் புழு மருந்து கொடுத்துப் பயனில்லை. அப்பாவின் நான்காவது, ஐந்தாவது கால்விரலை விரித்துப் பாருங்கள். தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும். அந்தச் சேற்றுப்புண்தான் கிருமியின் வாசல்.

காய்ச்சல் வந்த அன்று: சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். காலைத் தலையணைமேல் இடுப்பைவிட உயரத்தில் வையுங்கள். சர்க்கரை இருப்பதால் அன்றே டாக்டரைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் நாள் கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். இரண்டு நாளுக்கு மேலும் தாண்டிக்கொண்டே போனால் மருந்து பிடிக்கவில்லை. பார்க்கும் சிவப்பைவிட வலி பல மடங்கு அதிகமாக இருந்தாலோ, தோல் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறினாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, பேச்சு குழறினாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சதையை அரிக்கும் தொற்று அது, அறுவை சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

காய்ச்சல் இல்லாத நாட்களில் செய்வதுதான் அடுத்த காய்ச்சலைத் தடுக்கும். தினம் இரண்டு வேளை சாதாரணத் தண்ணீர், சோப்பு. மடிப்பு மடிப்பாக விரித்துக் கழுவ வேண்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியை விரல் இடுக்கில் ஒற்றி ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும், இழுத்துத் தேய்த்தால் தோல் கிழியும். இடுக்கில் க்ளோட்ரிமசோல் க்ரீம், மற்ற இடத்தில் வறட்சிக்கு எண்ணெய். விரல் இடுக்கில் எண்ணெய் கூடாது. வயலுக்கு வெறுங்காலோடு போக வேண்டாம். இவ்வளவு செய்தும் அடிக்கடி வந்தால், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடும் முறை இருக்கிறது. டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: குழந்தை கன்னத்தில் வெள்ளைத் திட்டு. வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தும் போகவில்லை. எனக்கும் முதுகில் தேமல் இருக்கிறது, என்னிடமிருந்து தொற்றியதா?

பதில்: இரண்டும் வேறு வேறு. குழந்தையின் கன்னத்தில் இருப்பது தோல் வறட்சியால் நிறம் மங்குவது. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒட்டவும் ஒட்டாது. தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவி வந்தால் சில மாதங்களில் நிறம் சேரும். உங்களுடையது எல்லாருடைய தோலிலும் சும்மா இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை வியர்வையில் பெருகுவது. 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை ஈரமான முதுகு, கழுத்து, தோளில் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், தொடர்ந்து மூன்று நாள். பூஞ்சை செத்த பிறகும் வெள்ளை நிறம் மாறச் சில மாதம் ஆகும். நகத்தால் சுரண்டினால் பொடி உதிரவில்லை என்றால் பூஞ்சை போய்விட்டது, நிறம் மட்டும்தான் பாக்கி.

ஒரு எச்சரிக்கை: திட்டின் மேல் பஞ்சால் வருடினால் உணர்ச்சி தெரியவில்லை, வியர்க்கவில்லை என்றால் அது தேமல் அல்ல. தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ தவறாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும்.

கேள்வி: அம்மாவுக்கு விலாவில் ஒரு பக்கமாக அக்கி. ஊரில் காவிமண்ணால் அக்கி எழுதினால் போதும் என்கிறார்கள்.

பதில்: எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும், அதனால்தான் எழுதியதால் போனது போலத் தோன்றுகிறது. கஷ்டம் அதற்குப் பின்னால் வருவது. கொப்புளம் போன இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு எரிச்சல். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து இப்போது கிளம்பியிருக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் புதுக் கொப்புளம் சீக்கிரம் நிற்கும், கடுமை குறையும். அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும், அதனால் டாக்டரைப் பார்த்தே எடுக்க வேண்டும். மண் பூசிய புண்ணில் பாக்டீரியாவும் சேர்ந்தால் வேலை இரட்டிப்பு. மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும், அதே நரம்பு கண்ணுக்கும் போகிறது. கொப்புளம் பொருக்காகும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அம்மாவின் பக்கத்தில் வேண்டாம்.